பேயா, ஈயமா?

பழைய காகித ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். ஒருமுறை விக்டோரியா காலத்து நீர்வண்ண ஓவியம் ஒன்று மேசைக்கு வந்தது. நிலவொளியில் ஆடும் தேவதைகளில் ஒருத்திக்கு மட்டும் முகம் கன்னங்கரேல் என்றிருந்தது. "இவள்தான் மரணம்" என்றார் உரிமையாளர். அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார்.

உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஈய வெள்ளை, அதாவது ஈயத்தால் செய்த வெள்ளை வண்ணம். நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்த அக்கால வீடுகளில் காற்றிலிருந்த ஹைட்ரஜன் சல்பைடு பட்டு அது கறுத்துவிடும். எண்ணெய் ஓவியத்தில் எண்ணெயே ஓரளவு காப்பு. நீர்வண்ணத்தில் அதுவும் இல்லை. 1834இல் வின்சர் அண்டு நியூட்டன் என்ற ஆங்கிலேய வண்ண நிறுவனம் கொண்டுவந்த துத்தநாக வெள்ளை இப்படிக் கறுப்பதில்லை. ஆனாலும் எல்லோரும் அதற்கு மாறிவிடவில்லை.

வானமும் ஏமாற்றும். சாம்பல் நிற மேகத்துக்கு அவுரி நீலத்தோடு காவிச் சிவப்பைக் கலப்பார்கள். வெளிச்சத்தில் அவுரி வெளுத்துப்போக, சிவப்பு மட்டும் மிஞ்சும். நாமோ அந்த வானத்தைத் துர்ச்சகுனம் என்று படிக்கிறோம்! ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் 1888இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையே, எந்த வண்ணம் ஒளியில் நிற்கும், எது நிற்காது என்று சோதித்துச் சொல்லிவிட்டது. படச் சட்டத்துக்குள் ஓவியத்தின் ஓரங்களை மூடியிருக்கும் அட்டையைத் தூக்கினால், வெளிச்சம் படாத ஓரத்தில் பழைய நீலம் ஒரு கீற்றாகத் தெரியும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அப்படியென்றால் ஓவியர் வேண்டுமென்றே தீட்டிய அமானுஷ்யக் கனவே இல்லையா? உண்டு. விக்டோரியா கால ஆங்கில ஓவியர் ரொசெட்டியின் 'அவர்கள் தங்களையே சந்தித்த விதம்' என்ற ஓவியத்தில், காட்டில் ஒரு காதல் இணை தங்கள் இரட்டை உருவங்களை எதிர்கொள்கிறது. ஆண் வாளை உருவுகிறான், பெண் மயங்கிச் சரிகிறாள். வந்த உருவங்களைச் சுற்றி ஒளி விளிம்பு. அது வெளுத்ததால் வந்ததல்ல, வேண்டுமென்றே தீட்டியது. இதை மனைவி எலிசபெத் சிடாலின் மரணத்தோடு முடிச்சுப் போடுவோர் பலர். அவர் இறந்தது 1862இல், நீர்வண்ணப் படம் 1864இல், கணக்குச் சரிதான். ஆனால் 1860இல் பாரிஸில் தேனிலவின்போதே ரொசெட்டி இக்காட்சியை மையால் வரைந்துவிட்டார். துக்கம் வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது.

என் மேசைக்கு வந்த தேவதைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளித்துளியாகத் தொட்டுவைத்தேன் (வீட்டில் முயலாதீர்கள், காகிதம் பாழாகும்). முகம் வெளுத்தது, கன்னம் உப்பிய சாதாரணச் சிறுமி. உரிமையாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பழைய முகமே தேவலை என்றார்.