மூச்சை முதுகில் சுமந்து இரை தேடும் நீர்வண்டு

ஐப்பசி, கார்த்திகை மழையில் காவேரிப்பாக்கம் போன்ற வட ஆற்காட்டு ஏரிகளில் நீர் ஏறியதும், கரையோரப் பாசிக்குள் ஒரு கைவலையை விட்டுத் தூக்கினால், மஞ்சள் விளிம்பிட்ட கரும்பச்சை வண்டுகள் சில அகப்படும். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள இவை, உலகெங்கும் 4,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட டைட்டிசிடே என்னும் வேட்டை நீர்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீருக்குள் வாழ்ந்தாலும் இவற்றுக்குச் செவுள் கிடையாது; ஆகவே இவை இரை தேடும் முறை முழுவதையும் தீர்மானிப்பது மூச்சுதான்.

வண்டு தன் பின்நுனியை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி, முதுகை மூடியிருக்கும் கெட்டியான முன்சிறகுகளுக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொள்கிறது. மூச்சுத்துளைகள் அந்த அறைக்குள்ளேயே திறப்பதால், மூழ்கிய பின்னும் சுவாசம் தடைபடுவதில்லை. சில வேளைகளில் பின்நுனியில் முத்துப்போல் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். குமிழியில் ஆக்சிஜன் குறையக் குறைய, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அதற்குள் ஊடுருவுகிறது. ஆனால் நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதால் குமிழி சுருங்கி, வண்டு மீண்டும் மேலே வர நேர்கிறது. 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வேலூரின் கோடையில் வெதுவெதுப்பாகிவிடும் குட்டை நீரில் வண்டு அடிக்கடி மேலே வருவதற்கு இது ஒரு காரணம். வெப்பத்தில் அதன் உடலுக்கே ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுவது மற்றொன்று.

சுமக்கும் காற்று வண்டை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டே இருப்பதால், ஓய்வெடுக்கும்போது அது பாசித்தண்டைப் பற்றிக்கொள்கிறது. நீந்தும்போது, மயிர்விளிம்பு கொண்ட பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்புகளைப்போல் ஒருசேர உந்துகிறது.

ஒருமுறை அத்தகைய வண்டு ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் விட்டு, சிறு மீன்துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு விரற்கடைத் தொலைவில் இருமுறை கடந்தும் வண்டு அதைப் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரத்தில் அதன் நீச்சல் திடீரென வட்டமிடும் தேடலாக மாறியது. உணர்கொம்புகளை அசைத்தபடி வந்து, துண்டு முன்னங்காலில் பட்டதும் இறுகக் கட்டிக்கொண்டு கடிக்கத் தொடங்கியது. ஐரோப்பிய நீர்வண்டுகளில் நடந்த சோதனைகளை 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் எடுத்துக்காட்டியுள்ளார்: கண்ணாடிக் குழாய்க்குள் அசையும் தலைப்பிரட்டையை அவ்வண்டுகள் கவனிப்பதில்லை, இறைச்சிச் சாறு நீரில் கசிந்தாலோ, எதிர்ப்படும் திடப்பொருள் எதையும் பிடித்துக்கொள்கின்றன. நன்கு வளர்ந்த கண்கள் இருந்தும் உணவுக்கு அவை முதன்மையாக நம்புவது வாசனையையும் தொடுதலையும்தான். கலங்கிய ஏரிநீரில் இது மிகப் பொருத்தமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதே வண்டின் புழுப்பருவம் வேறு விதமாக உண்கிறது. வால்நுனியால் காற்றைப் பெற்றபடி தலைகீழாகத் தொங்கிக் காத்திருக்கும் புழு, கொசுப்புழுவோ தலைப்பிரட்டையோ அருகில் வந்தால் அரிவாள் போன்ற தாடைகளைப் பாய்ச்சுகிறது. உள்ளே நுண்குழாய் ஓடும் அத்தாடைகளின் வழியாகச் செரிமானச் சாறு இரைக்குள் செல்கிறது. கரைந்த சதை அதே வழியாக உறிஞ்சப்படுகிறது.

எல்லா நீர்வண்டுகளும் இப்படி இரை தேடுவதில்லை. நீர்ப்பரப்பில் வட்டமடிக்கும் வேறொரு வகையான சுழல்வண்டுக்குக் கண்கள் மேலும் கீழுமாகப் பிரிந்துள்ளன. விழுந்த பூச்சி எழுப்பும் சிற்றலையை அது உணர்கொம்பால் அறிந்து நெருங்குகிறது.

மீன்குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளங்களில் வேட்டை வண்டுகளும் அவற்றின் புழுக்களும் பெரும் சேதம் விளைவிப்பதால், குஞ்சுகளை விடுவதற்கு முன் சோப்பும் எண்ணெயும் கலந்த கரைசலை நீர்மேல் தெளிக்கும் வழக்கம் உண்டு. காற்றுக்காக மேலே வரும் வண்டின் பின்நுனியில் எண்ணெய்ப் படலம் ஒட்டி மூச்சுத்துளைகளை அடைத்துவிடுகிறது.