சொல் விளக்கம்: அதிர்வாற்றல் பாய்வு

மேல்மாடியில் யாரோ சம்பலுக்கு மிளகாய் இடிக்கிறார்கள். கல்லுரல் நம் தலைக்கு நேர் மேலே இருப்பதாகத்தான் காது சொல்லும். எங்கள் வீட்டிலும் பல மாதம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு மாலை படியேறிப் போய்ப் பார்த்தால் நேர் மேல்வீடு பூட்டிக் கிடந்தது. சத்தம் அதற்கு இரண்டு வீடு தள்ளி. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் குடியிருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கான்கிரீட் தளம், சுவர், மறுபடி தளம் என்று அந்த இடியின் ஆற்றல் வழி பிடித்து வந்து சேர்கிறது.

எங்கிருந்து எங்கே, எவ்வளவு வருகிறது என்று கணக்கிடுவதைப் பொறியாளர்கள் 'வைப்ரேஷனல் எனர்ஜி ஃப்ளோ' என்கிறார்கள். பேச்சில் 'பவர் ஃப்ளோ' என்று சுருக்கிவிடுவதும் உண்டு. இதைத் தமிழில் 'அதிர்வாற்றல் பாய்வு' என்று எழுத வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அதிர்வு. வைப்ரேஷன் என்ற சொல்லின் வேர், குலுக்குதல், வீசி ஆட்டுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினை. நம் 'அதிர்' அதைவிட நெருக்கமான பொருளைப் பழங்காலத்திலேயே பெற்றிருக்கிறது. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. இரண்டு சொல்லுக்கும் பொருள் நடுக்கம், அவ்வளவுதான். 'அதிர வருவதோர் நோய்' என்று 429ஆம் குறளில் வரும்போது அந்த நடுக்கம் மனத்துக்கு மாறிவிடுகிறது. இன்று மனத்துக்கு 'அதிர்ச்சி', பொருளுக்கு 'அதிர்வு' என்று வழக்கு பிரிந்து நிற்கிறது. இந்தப் பிரிவைக் கலைக்கக் கூடாது. 'தகட்டு அதிர்ச்சி' என்று எழுதினால் தகடு செய்தி கேட்டுத் திடுக்கிட்டது போலாகிவிடும். 2007 மார்ச் 6 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது சிங்கப்பூரில் உயரமான கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். இங்கே அவர்கள் உணர்ந்தது அதிர்வு. அதனால் சிலருக்கு வந்தது அதிர்ச்சி.

இந்த ஆற்றல் பாயும் தளத்தையும் சுவரையும் பொறியாளர்கள் 'தகடு' என்றே கணக்கிடுகிறார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் பட்டறையில் 'பிளேட்', கட்டுமானத் தளத்தில் 'சிலாப்'. நீள அகலத்தோடு ஒப்பிட்டால் கனம் மிகக் குறைவு என்றால், கணக்குக்கு இரண்டுமே தகடுதான்.

அப்புறம்தான் முக்கியமான இடம்: ஃப்ளோ. 'பரவல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது எல்லாப் பக்கமும் விரிவதைக் காட்டுகிறது. திசையும் அளவும் அதில் இல்லை. அதிர்வது வேறு, ஆற்றல் நகர்வது வேறு என்பதும் அதில் தெரியாது. எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787இல் வெளியிட்ட நூலில், மணல் தூவிய தகட்டை வயலின் வில்லால் தேய்த்து, அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேர்ந்து கோலம் போடுவதைக் காட்டினார். மிக அழகான கோலங்கள். ஆனால் அவை அசைவு எங்கே இல்லை என்பதைத்தான் காட்டுகின்றன, ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டவில்லை. ஒரு தகடு நின்ற இடத்திலேயே பலமாக அதிரலாம். போகும் அலையும் திரும்பும் அலையும் சமமாக இருந்தால், எந்தப் பக்கமும் நிகரமாக ஒன்றும் நகராது. அங்கே அதிர்வு உண்டு, பாய்வு இல்லை.

பாய்வு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் நீர். வாய்க்காலில் நீர் பாய்வதை எது தீர்மானிக்கிறது? இருக்கும் நீரின் அளவு அல்ல, மட்டம். உயரத்தில் வைத்த ஒரு குடத்து நீர், கீழே கிடக்கும் பெரிய குளத்துக்குள் பாயும். குளத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும் அது குடத்துக்கு ஏறாது. 1960களில் ராக்கெட்டின் இரைச்சலில் கருவிகள் தாங்குமா என்று கணக்கிட வேண்டியிருந்தபோது அமெரிக்க ஒலியியலாளர் ரிச்சர்ட் லயன் முதலியோர் வளர்த்த முறை இதே போக்கில்தான் நிற்கிறது. ஒவ்வொரு தகட்டுக்கும் அது அதிரக்கூடிய விதங்கள், அதாவது பாங்குகள் ('மோட்'), பல. மொத்த ஆற்றலை அந்தப் பாங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே அதன் மட்டம். மட்டம் உயர்ந்த தகட்டிலிருந்து தாழ்ந்த தகட்டுக்கு, வித்தியாசத்துக்கு ஏற்ற அளவில் ஆற்றல் பாய்கிறது. சின்னத் தகடு, தன்னைவிட அதிக ஆற்றல் வைத்திருக்கும் பெரிய தகட்டுக்கே கொடுக்கலாம். உயர் அதிர்வெண்ணில் பாங்குகள் ஆயிரக்கணக்கில் வந்துவிடுவதால் ஒவ்வொன்றாகத் துரத்தாமல் சராசரி எடுக்கிறார்கள். அதனால் அந்த முறைக்குப் 'புள்ளியியல் ஆற்றல் பகுப்பாய்வு' என்று பெயர். (இங்கே வருவது பகுப்பு + ஆய்வு. பாய்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பள்ளி இயற்பியலில் 'காந்தப் பாயம்', 'பாய்மம்' படித்தவர்களுக்கு இந்த வேர் பழக்கமானது. 'பவர்' என்பதற்குப் பாடநூல் சொல் திறன் என்பதால் 'திறன் பாய்வு' என்று எழுதுவதும் பிழையில்லை. ஆனால் சிங்கப்பூரில் திறன் என்றவுடன் திறன் மேம்பாட்டுப் பயிற்சிதான் நினைவுக்கு வரும். ஆற்றல் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

கூடவே வரும் இரண்டு சொற்கள். தளமும் சுவரும் சந்திக்கும் இடம் 'பிணைப்பு'; வந்த அலையில் ஒரு பங்கு அங்கே திரும்பிவிடும், மற்றது கடக்கும். ஆற்றல் பொருளுக்குள்ளேயே வெப்பமாகிக் கரைவது 'தணிப்பு'.

அந்த இரண்டு வீடு தள்ளிய அக்காவிடம் பேசினோம். இப்போது உரலுக்கு அடியில் நனைத்த துணியை நான்காக மடித்துப் போட்டுக்கொள்கிறார். தளத்துக்குள் பாய்வது அங்கேயே குறைந்துவிடுகிறது. மிளகாய் வாசம் மட்டும் முன்புபோலவே வந்துகொண்டிருக்கிறது.