பெப்ளம்: துணிக்கடையில் ஒன்று, படக்கொட்டகையில் ஒன்று

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் தீபாவளி நெருங்கும்போது ஏதாவது துணிக்கடைக்குப் போய், "பெப்ளம் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே சுருக்கு வைத்து விரியும் மேல்சட்டையை எடுத்துப் போடுவார்கள். மலாய் உடையான பாஜு கூரோங்கிலும் பெப்ளம் வந்துவிட்டது. மலாய்ப் பெண்களும் உடுத்துகிறார்கள், நம் பெண்களும் உடுத்துகிறார்கள். சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதே சொல்லைச் சொன்னால் சட்டையே போடாத ஆள்தான் வருவான். கட்டுமஸ்தான உடம்பு, இடுப்பில் ஒரு முழத் துணி, கையில் வாள், எதிரே ஒரு சிங்கம். பழங்கால வீரக்கதையைக் கையில் இருக்கும் காசுக்குள் எடுத்து முடித்த படத்துக்கு அங்கே பெப்ளம் என்று பெயர். அந்தப் படவகையைத் தமிழில் என்ன சொல்லி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி.

இரண்டும் ஒரே சொல்தான். கிரேக்கத்தில் 'பெப்லோஸ்' என்பது பெண்கள் உடுத்திய நீண்ட ஆடை. தைக்காத துணியை உடம்பில் சுற்றி, இரு தோளிலும் ஊசி குத்தி நிறுத்துவார்கள். ஏதென்ஸ் நகரத்தார் பானதினையா திருவிழாவில் அதீனா தெய்வத்துக்கு நெய்து சாத்தியதும் பெப்லோஸ்தான். நம் அம்மன் கோயில் புடவை சாத்துவதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. லத்தீனுக்குப் போனபோது அது 'பெப்ளும்' ஆயிற்று. ஐரோப்பியத் தையல்காரர்கள் கையில் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இடுப்புச் சுருக்கை மட்டும் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது.

படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பிரெஞ்சு விமர்சகர்கள். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து இவ்வகைப் படங்கள் வரிசைகட்டி வந்தபோது, திரை முழுக்கத் தொங்கிய வெள்ளைத் துணிகளைப் பார்த்து, கொஞ்சம் கிண்டலாக வைத்த பெயர் அது. வீரனின் மார்பைக் காட்டவே எடுத்த படத்துக்குப் பெண்ணின் ஆடை பெயராகிவிட்டது. கிண்டல் மறந்துபோய்ப் பெயர் மட்டும் நிலைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பண்டைக்காலத்தைக் காட்டும் எந்தப் படத்தையும், கோடிகளைக் கொட்டி எடுத்ததானாலும், பெப்ளம் என்றே சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இத்தாலியச் சிக்கனப் படங்களை மட்டும் சொல்கிறார்கள்.

அந்த அலையைக் கிளப்பியது பியெத்ரோ ஃபிரான்சிஸ்கி இயக்கி 1958இல் வந்த ஹெர்குலிஸ் படம். நாயகன் ஸ்டீவ் ரீவ்ஸ், 1950இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற அமெரிக்க உடற்பயிற்சி வீரர். அமெரிக்க உரிமையை ஜோசப் லெவின் என்ற வியாபாரி சுமார் 1,20,000 டாலருக்கு வாங்கி, விளம்பரத்துக்கு மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டார். படத்தைவிட விளம்பரத்துக்குப் பல மடங்கு! 1959இல் அங்கே படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஜிம்மில் உடம்பை ஏற்றிய ஒவ்வொருவருக்கும் ரோமிலிருந்து அழைப்புப் போனது.

சிக்கனம் பண்ணிய விதம்தான் இதில் சுவையானது. ஹாலிவுட் கம்பெனிகள் ரோமில் பெரிய படம் எடுத்துவிட்டுப் போட்டுப்போன அரண்மனையும் தூண்களும் அடுத்தடுத்த படங்களில் வேறு வேறு நாடாயின. ஒரு படத்தின் போர்க்களக் காட்சி இன்னொன்றில் ஒட்டப்பட்டது. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள். குரலைப் பிறகு டப்பிங்கில் ஏற்றிக்கொண்டார்கள். 1960இல் இத்தாலிய டெக்னிகலர் நிறுவனம் கொண்டுவந்த டெக்னிஸ்கோப் முறை, அகலத்திரைப் படத்தைப் பாதி ஃபிலிம் சுருளில் எடுக்க வழிசெய்தது. வீரன் பெயரிலும் மிச்சம் பிடித்தார்கள். மாச்சிஸ்தே என்பவன் பழைய புராண ஆளே அல்ல. 1914இல் வந்த 'காபிரியா' என்ற ஊமைப்படத்துக்காகப் படைத்த பாத்திரம். ஜெனோவா துறைமுகத்தில் வேலை பார்த்த பகானோ என்பவர் அதில் நடித்துப் புகழ்பெற்றார். 1960களில் அவனைத் தூசி தட்டி எடுத்தார்கள். அமெரிக்காவில் மாச்சிஸ்தேயை யாருக்கும் தெரியாது என்பதால், அங்கே போகும்போது அவன் ஹெர்குலிஸ் ஆவான், சாம்சன் ஆவான், கோலியாத்தும் ஆவான். சில சமயம் ஹெர்குலிசின் மகன். ஹெர்குலிசுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அந்தத் தயாரிப்பாளர்களுக்கே கணக்குத் தெரிந்திருக்காது. 1965 வாக்கில் இத்தாலியக் கௌபாய்ப் படங்கள் வந்து இந்தக் கடையை மூடிவிட்டன.

மலாயாவுக்கும் இந்த வகைக்கும் ஒரு பக்கவாட்டு உறவு உண்டு. தாரா சிங் 1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்து, டிரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகினார். மலாயா ஊர்களில் மேடை மேடையாகப் போட்டி போட்டார். சுமார் 200 கிலோ எடையுள்ள கிங்காங் என்ற மல்யுத்த வீரரோடு அவர் மோதியதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் இன்றும் மூச்சு விடாமல் சொல்வார்கள். பிறகு பம்பாயில் அவரை நாயகனாக்கினார்கள்; 1964இல் ஹெர்குலிஸ், சாம்சன் என்ற பெயர்களிலேயே இந்திப் படங்கள் வந்தன. மல்யுத்த வீரன், தொன்மக்கதை, குறைந்த செலவு என எல்லாம் பொருந்துகிறது. அவற்றை யாரும் பெப்ளம் என்று சொன்னதில்லை. 'ஸ்டண்ட் படம்' என்றார்கள். நம்மிடம் உடம்பை ஏற்றியவருக்கு 'சாண்டோ' என்ற பட்டமே உண்டு. அதுவும் ஒரு ஆளின் பெயர்தான்: 1867இல் பிறந்த ஜெர்மானியப் பலசாலி யூஜென் சாண்டோ. சின்னப்பா தேவர் அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நடித்தார், பின்னர் படத் தயாரிப்பாளரானார்.

தோட்டத்தில் படம் பார்த்தவர்களுக்கு வகைப்பெயர் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டுப் பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அரசாங்கத்தின் பட வண்டிகள் கம்யூனிஸ்டு எதிர்ப்புப் பிரச்சாரத்தைச் சுமந்துகொண்டு தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் போயின. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் கொட்டகை தயார். மலாயில் இதற்கு 'வயாங் பாச்சாக்' என்று பெயர்; பாச்சாக் என்றால் ஊன்றுதல். லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் இருந்த சனம் தனக்கு வேண்டிய படத்தை 'ராஜா ராணி படம்', 'கத்திச்சண்டைப் படம்' என்று இரண்டே சொல்லில் அடக்கிவிடும். கத்திச்சண்டை உண்டு என்று தெரிந்தால் போதும், பிள்ளைகள் விளக்கு வைக்கும் முன்பே பாய் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள்.

பேச்சுக்கு இது போதும். எழுத்துக்கு என்ன சொல்வது என்பதில்தான் குழப்பம். 'புராணப் படம்' என்று போடுகிறார்கள். பொருந்தாது. புராணப் படத்தில் வருபவர் நாம் கும்பிடும் தெய்வம். கொட்டகையில் சூடம் ஏற்றியவர்கள் உண்டு. ஹெர்குலிசுக்கு யாரும் சூடம் ஏற்றவில்லை. 'சரித்திரப் படம்' இன்னும் தப்பு. மாச்சிஸ்தேக்கு ஏது சரித்திரம்? 'மாயாஜாலப் படம்' என்பது பூதமும் மந்திரவாதியும் வருவதற்கு உரியது. அதற்கு விட்டலாச்சார்யா படம் என்று ஓர் இயக்குநரின் பெயரையே மக்கள் பொதுப்பெயராக்கிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் வாளையும் செருப்பையும் சேர்த்து ஒரு பெயர் வழங்குகிறது. அதை அப்படியே 'வாள்செருப்புப் படம்' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பை வீரத்தோடு சேர்த்துச் சொல்ல நம் வாய் வராது. பரதன் தலையில் சுமந்தது வேறு கணக்கு. தமிழ் வீரன் காலில் இருந்தது கழல். ஆகவே 'வாட்கழல் படம்' என்று ஒரு நண்பர் சொன்னபோது ரசித்தேன். கவியரங்கத்தில் கைதட்டு வாங்கும், ஆனால் பத்திரிகைத் தலைப்பில் எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

மலாய்க்காரர்கள் பழைய மலாக்கா வீரன் ஹாங் துவா காலத்துக் கதைகளைப் படமாக்கும்போது 'பூர்பா' என்ற அடைமொழி சேர்க்கிறார்கள். சமஸ்கிருத 'பூர்வ' என்பதன் மலாய் வடிவம் அது. பழமை என்பதைத்தான் பெயருக்குள் வைத்தார்கள். உடுப்பையும் செலவையும் வைக்கவில்லை. நமக்கும் அந்த வழிதான் சரி என்று படுகிறது. அதற்கு ஆதாரமும் கைவசம் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் எட்டு வனப்பில் ஒன்று தொன்மை: 'உரையொடு புணர்ந்த பழமை மேற்றே.' உரைநடை கலந்து பழங்கதை சொல்வது. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் பெருந்தேவனார் பாரதமும் தகடூர் யாத்திரையும். இரண்டுமே போர்க்கதைகள்! 'தொன்மம்' என்ற இன்றைய சொல்லும் இந்த வேரில் கிளைத்ததுதான். அதில் வீரத்தைச் சேர்த்தால் 'தொல்வீரப் படம்'. என் ஓட்டு இதற்கே.

செலவையும் பெயரில் சேர்த்து 'மலிவுத் தொல்வீரப் படம்' என்று எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 'குறைந்த செலவில் எடுத்த' என்று வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம். இத்தாலியின் 1958-65 அலையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய கட்டுரையில் மட்டும் 'இத்தாலியத் தொல்வீரப் படம்' என்று எழுதி, முதல் தடவை பெப்ளம் என்பதையும் பக்கத்தில் போட்டால் தேடுகிறவருக்கு உதவும். பழைய கதை எதையும் தொடாமல், இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து இளவரசனைச் சண்டையிட விடும் படம் இந்த வகையில் சேராது. அது ராஜா ராணி படமாகவே இருக்கட்டும். இன்னொன்று: 'தொல்வீர படம்' என்று ஒற்றெழுத்தை விழுங்கி எழுத வேண்டாம். வீரம் என்பதன் மகரம் கெட்டு வல்லினம் மிகும், 'ப்' போட்டே ஆக வேண்டும்.