பேனா மூடியில் விரிசலா? பசையைத் தொடும் முன்…

மைப்பேனாவில் விரிசல் கண்டதும் பலரும் செய்வது, அதன் மேல் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுவது. பழுதுபார்ப்பவருக்கு விரிசலைவிட அதிக வேலை வைப்பது அந்தச் சொட்டுதான். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். மூடியைத் திருகும்போது பிளாஸ்டிக் சற்றே விரியும், பசை விரியாது. அதனால் கொஞ்ச நாளில் அதே கோட்டில் மறுபடி பிளக்கும். பசையின் ஆவி பட்ட இடத்தில் வெண்படலம் படியும். எல்லாவற்றையும்விட மோசம், பிளவுக்குள் பசை அடைத்துக்கொண்டால் பிறகு முறையாக ஒட்டவைக்கும் திரவம் உள்ளே போக வழியில்லை.

விரிசலின் திசையைப் பாருங்கள். மூடியில் அது பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கி நேராக ஓடும். மூடியை இறுக்கித் திருகும் ஒவ்வொரு முறையும் உள்மரை விளிம்பை வெளிப்பக்கம் தள்ளுகிறது. பழைய பேனா மூடிகளில் விளிம்பை ஒட்டி ஓர் உலோக வளையம் இருக்குமே, அதை அலங்காரம் என்றுதான் நினைப்போம். பீப்பாய்க்குப் போடும் இரும்புப் பட்டையின் வேலைதான் அதற்கும். வளையம் இல்லாத மூடியில் வெறுமனே ஒட்டினால் மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெரியும்.

அடுத்த இடம், கழுத்துப் பகுதி திருகி உள்ளே போகும் உடலின் வாய். மையை நேரே உடலில் ஊற்றும் பேனாக்களில் இங்கே ஒரு விஷச் சுழல் உண்டு. மரை வழியாக மை கசியும், கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம், வாய் பிளக்கும், கசிவு கூடும். அங்கே இறுக்கத்தைவிட, மரையில் மெல்லிதாகத் தடவிய சிலிக்கோன் கிரீஸ்தான் மையைத் தடுக்கும். வாசலின் வேண்டாம், ரப்பர் வளையமோ ரப்பர்ப் பையோ உள்ள பேனாவில் அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

கசிவெல்லாம் விரிசலும் அல்ல. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை நிப்பு வழியாகத் தள்ளும். நிப்பில் மட்டும் மை கொட்டினால் பேனாவை நிரப்பிப் பாருங்கள், நின்றுவிடும். விரலில் மரைப் பக்கம் கறை படிந்தால்தான் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் விரிசலைத் தேட வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் பேனா எந்தப் பொருளால் ஆனது என்று தெரிய வேண்டும். துணியில் பத்து, பதினைந்து நொடி அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடையோடு சுட்ட ரப்பர் மணம் வந்தால் எபோனைட் என்ற கெட்டி ரப்பர். கற்பூர மணம் வந்தால் செல்லுலாய்டு. ஒரு மணமும் இல்லையென்றால் அக்ரிலிக்காகவோ பாலிஸ்டைரீனாகவோ இருக்கலாம். தட்டினால் உலோகம் போலக் கணீரென்று ஒலிப்பது பாலிஸ்டைரீன். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும்.

அக்ரிலிக் மூடியை ஒட்டுவதை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். 1941இல் வந்த பார்க்கர் 51இன் உடலும் அக்ரிலிக்தான். முதலில் பிளவுக்குள் உறைந்த மையை எடுக்க வேண்டும். பத்துப் பங்கு குளிர்ந்த நீரில் ஒரு பங்கு அம்மோனியா கலந்து ஊறவைத்து, நன்கு அலசி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். ஸ்பிரிட்டும் சானிடைசரும் அருகில் வரக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் அவை பட்டால், இருந்த ஒரு விரிசலைச் சுற்றி மயிரிழை போல நூறு கோடுகள் கிளம்பும்.

ஒட்டுவதற்கு டைகுளோரோமீத்தேன். அக்ரிலிக் பலகை வெட்டும் கடைகளில் குளோரோஃபார்மும் பயன்படுத்துவார்கள், அதுவும் ஆகும். இவை பசைகள் அல்ல. பிளாஸ்டிக்கின் இரு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்குபவை. மெல்லிய ஊசியால் விரிசலின் மேல்முனையில் ஒரு துளி வைத்தால் அது தானாகவே பிளவு முழுக்க ஓடும். அரை நிமிடம் பொறுத்து, ஓரங்கள் இளகியதும் விரல்களால் மெதுவாகச் சேர்த்துப் பிடியுங்கள். கோட்டின் மேல் இளகிய பிளாஸ்டிக் துளியாகப் பிதுங்கி வந்தால் உள்ளே சேர்ந்துவிட்டது என்று பொருள். இடுக்கி வைத்து நெரித்தால் இளகிய விளிம்பு நசுங்கி மூடி முட்டை வடிவமாகும். பிறகு மரை ஏறாது. உடலின் மேல் மூடியைத் திருகிவைத்தும் ஒட்டாதீர்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். குறைந்தது இரண்டு நாள் கழித்து உப்புத்தாள்: 800, 1500, 2000 என்று ஏறுமுகமாக, நீர் தொட்டு.

டைகுளோரோமீத்தேன் சாதாரணக் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும், ஆவியும் கெடுதல். மூடிய அறையில் எடுக்காதீர்கள், மொட்டை மாடிக்குப் போங்கள்.

செல்லுலாய்டுக்கு அசிட்டோன். நகப்பூச்சு அழிக்க விற்பதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும் என்பதால் சுத்தமானதை வாங்குங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் அதே நிறச் சீவல்களை அசிட்டோனில் தேன் பதத்துக்குக் கரைத்து, சற்றே மேடாக அடைக்க வேண்டும், காயும்போது சுருங்கும். இரண்டு வாரமாவது தொடக்கூடாது. இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள்.

திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கடைசல் போட்டுச் செய்யும் எபோனைட் பேனாக்களின் கதை வேறு. ரப்பரில் ஏறத்தாழ 30 சதவீதம் கந்தகம் சேர்த்து வேகவைத்த பொருள் அது. எந்தத் திரவத்திலும் இளகி ஒட்டாது. மேலே திட்டிய சூப்பர் க்ளூவுக்கு இங்கே மட்டும் இடமுண்டு. பிளவில் எபோனைட் தூளை அடைத்து, தண்ணீர் பதத்தில் இருக்கும் க்ளூவை ஊசிமுனையால் ஊறவிட வேண்டும். பிறகு கடைசலில் விளிம்பை 0.3 மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கிப் பித்தளை வளையம் ஏற்றி, மெதுவாக இறுகும் எபாக்சிப் பசையில் பதித்தால்தான் அது நிற்கும். வெந்நீரில் கழுவினால் கறுப்பு பழுப்பாகிவிடும்.

நிப்புக்கு அடியில் இருந்து மை கொண்டுவரும் நாக்கட்டை விரிசல் கண்டால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். அதன் நுண்ணிய ஓடைகளில் பசை புகுந்தால் மை இறங்காது. தெளிந்த பாலிகார்பனேட் பேனாக்களிலும் உதிரிப்பாகம் வாங்குவதே மேல். கரைப்பான் பட்டால் பக்கத்தில் புது விரிசல் விழும்.

உடலில் ஒட்டிய இடத்தை நேரே மை ஊற்றிச் சோதிக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பி, மரையைச் சுற்றி டிஷ்யூத் தாளைக் கட்டி, ஒட்டிய இடம் உள்ளே இருக்கும் நீரில் மூழ்கியிருக்கும்படி நிப்பைக் கீழ்நோக்கி ஒரு கண்ணாடிக் குவளைக்குள் இரவு முழுக்க நிறுத்துங்கள். நிப்பில் சொட்டுவதைக் குவளை வாங்கிக்கொள்ளும். காலையில் மரைமேல் கட்டிய தாள் ஓர் இடத்தில் மட்டும் ஈரமாக இருந்தால், அந்த ஈரத்துக்கு நேர் அடியில் விரிசல் இன்னும் திறந்திருக்கிறது.