ரப்பர் ட்யூபில் நிற்கும் இரண்டாம் கியர்

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சாயங்காலம். ஏலத்தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு ஒரு பழைய மகிந்திரா மேஜர் ஜீப் என் பட்டறைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்த தம்பி, "அண்ணே, ரிவர்ஸ் போட்டா கர்ர்னு கத்துது, கிளட்ச் பாக்கணும்" என்றார். கிளட்சைப் பார்க்கக் குனிந்தவன் கியர் ராடைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சைக்கிள் ட்யூபைக் கீறி, ராடின் கழுத்தில் ஒரு சுருக்கு. மறுமுனையில் ஒரு கொக்கி. டேஷ்போர்டுக்குக் கீழே ஓடும் கம்பியில் அதை மாட்ட ஒரு இடம், தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"இது எதுக்குத் தம்பி?"

"செகண்ட் கியர் இறக்கத்துல கழண்டுக்குதுண்ணே. இத மாட்டிட்டா நிக்குது. ஆறு மாசமா இப்படித்தான் ஓட்டுறேன்."

அன்று காலை அந்த ஜீப்பில் போய் வந்தவர்கள் பன்னிரண்டு பெண்கள்.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஜீப்புகளைத் தெரியும். போடி, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் கிளம்பி, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும். சாயங்காலம் அதே ஆட்களோடு மலையிறங்கும். பல வண்டிகளுக்கு ஓட்டுநரைவிட வயது அதிகம். மகிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்த காலத்து வடிவமைப்புதான் மேஜர் வரைக்கும் வந்தது: மூன்று கியர் டி-90 பாக்ஸ், அதன் பின்னால் ஒட்டியபடி, முன் சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுத்து, ஹை, லோ என்று மாற்றவும் உதவும் டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ். 1985-க்குப் பிறகு வந்த எம்.எம்.540, கமாண்டர் வண்டிகளில் நாலு கியர் பாக்ஸைப் பார்க்கலாம். எல்லாமே நல்ல இரும்பு. பராமரித்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். அதனால்தான் தேய்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம், ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் கணக்கில், இறக்கத்தில் கியர் கழலும் வண்டி பிரேக் இல்லாத வண்டி. மலையிறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு இன்ஜினுக்கு. ஏறின கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். இந்தப் பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வளைவுக்கு வளைவு மிதித்தால் டிரம் சூடேறும், லைனிங் பிடிப்பை இழக்கும். அந்த நேரத்தில் இரண்டாம் கியர் டக்கென்று நியூட்ரலுக்கு வந்தால், சுமையோடு இருக்கும் வண்டி ஒரே விநாடியில் வேகமெடுக்கும். ஓடும் வேகத்தில் திரும்ப இரண்டாம் கியர் லேசில் விழாது. முதல் கியருக்கு இந்தப் பாக்ஸில் சின்க்ரோவே (வேகத்தைச் சமன்செய்து கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் அமைப்பு) கிடையாது, கேட்கவே வேண்டாம். சூடான பிரேக் மட்டும்தான் மிச்சம்.

ஏற்றத்தில் கழலாத கியர் ஏன் இறக்கத்தில் கழல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கம் மாறிவிடும். சாய்வாக வெட்டிய பற்கள் என்பதால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரப் பார்க்கும் திசையும் மாறும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அந்த நகர்வில், கியரை ஷாஃப்டோடு கோத்துப் பிடிக்கும் ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி வெளியே வந்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ராடு கையில் துடிக்கிறதா? கழலப்போகும் கியர் அப்படித்தான் முன்கூட்டிச் சொல்லும்.

சரி, கியர் கழல்கிறது என்றதும் பாக்ஸை இறக்க வேண்டுமா? வேண்டாம். முதலில் வெளியே பாருங்கள். இன்ஜின் மவுண்டிங்கும் கியர் பாக்ஸ் மவுண்டிங்கும் ரப்பர். எண்ணெய் குடித்து ஊறிப்போய், கிழிந்து, ஆனால் பார்வைக்கு முழுசாக உட்கார்ந்திருக்கும். கடப்பாரையை வைத்து லேசாக நெம்பினால்தான் பிளவு தெரியும். மவுண்டிங் போனால் ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் பாக்ஸ் மொத்தமும் ஆடும், அந்த ஆட்டத்திலேயே கியர் கழலும். அடுத்தது இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகள். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தாலே இன்ஜினும் பாக்ஸும் ஒரே கோட்டில் நிற்காது.

அப்புறம் மேல்மூடி. ஜீப்பில் தரைத் தகட்டைக் கழற்றினால் பாக்ஸின் தலை கைக்கு எட்டும். கியர் ராடு நேரே மூடிக்குள் இறங்குகிற இந்த வகையில் ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க், அதன் தண்டு, தண்டைப் பள்ளத்தில் பிடித்து நிறுத்தும் குண்டு, ஸ்பிரிங் எல்லாம் மூடியோடு வந்துவிடும். விரல்கடை நீளமுள்ள அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ கியருக்குப் பூட்டே இல்லை. பாக்ஸை இறக்காமல் அரை நாளில் முடியும் வேலை. இதைப் பார்க்காமல் "பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரிவர்ஸ் கத்துவதும் அப்படித்தான், பெரும்பாலும் பாக்ஸ் குற்றவாளியே இல்லை. வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. பெடல் ப்ளே, லிங்கேஜ் தேய்மானம், கிளட்ச் பிளேட் என்று அந்த வழியில் தேடுங்கள். ஐந்து எண்ணியபின் சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, அவசரம்தான் கத்துகிறது.

காதுக்கும் வேலை உண்டு. நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்ததும் அடங்கினால் கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் வரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங், அல்லது அதோடு பல் கோத்துச் சுற்றும் கவுன்டர் ஷாஃப்ட். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். ஓட்டத்தில் எல்லாக் கியரிலும் உறுமி, டாப்பில், அதாவது கடைசிக் கியரில் மட்டும் அமைதியானால் கவுன்டர் ஷாஃப்ட் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த மூன்று, நாலு கியர் பாக்ஸ்களில் டாப் நேரடி கியர், அதில் கவுன்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர சுமை தாங்காது. ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பல்.

இனி ஆயில். இதில் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இறக்கும் பாக்ஸ்களில் பலவும் ஆயிலால் செத்தவை. வண்டி ஓடி வந்த சூட்டோடு ஆயிலை இறக்குங்கள். இறக்கும் முன் ஊற்றும் பக்கத்து பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே இறக்கிவிட்டு மேல் பிளக் துருப்பிடித்துக் கழலாமல், ஆயில் இல்லாத வண்டியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களைத் தெரியும். இறக்கிய ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு கொஞ்சம் இருக்கலாம், அது இயல்பான தேய்மானம். மஞ்சள் மினுமினுப்பு மிதந்தால் பித்தளை சின்க்ரோ ரிங் கரைகிறது. ஊசி ஊசியாக, செதில் செதிலாக இரும்பு வந்தால் பேரிங் அல்லது பல், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். டீ போட்ட பால் மாதிரி இருந்தால் தண்ணீர். காட்டாற்றில் இறங்கும் வண்டிகளுக்கு இது சகஜம். சூடான பாக்ஸ் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பாக்ஸ் மூச்சுவிடும் துளையான பிரீதரில் சேறு அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

பித்தளை ரிங் இருக்கும் பாக்ஸுக்கு ஜி.எல்-4 தரத்தில் (கியர் ஆயிலின் தர வகை இது) 80டபிள்யூ-90 கெட்டித்தன்மையுள்ள ஆயிலைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எல்-5 உயர்ந்தது என்று கடையில் கொடுப்பார்கள். அது ஆக்சிலுக்கு நல்லது. அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பல வகைகளில் பித்தளையை அரிக்கும். வழுக்கலும் அதிகம் என்பதால் ரிங், கியரின் கூம்பு முகத்தைப் பிடிக்காமல் நழுவும், கியர் கத்தும். எண் பெரிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

ஜீப்புக்கென்று ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும். கீழே ஒரு சொட்டு ஒழுகாது, தரை சுத்தமாக இருக்கும், பாக்ஸ் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு பிளக்கையும் சேர்த்தே திறங்கள். ஒன்றில் விரல் விட்டால் ஆயில் எட்டவில்லை, மற்றதில் திறந்ததும் வழிகிறது என்றால் சீல் மாற்ற வேண்டிய நேரம்.

தேய்ந்த பாக்ஸை விற்பதற்காக வாயடைக்கும் ஆட்களும் உண்டு. கெட்டியான 140 ஆயில், அதோடு கிரீஸ், சில இடங்களில் மரத்தூள்கூட. ஊளை அடங்கிவிடும், ஒரு மாசம் தாங்கும். மரத்தூள் பேரிங்குக்குப் போகும் ஆயில் வழியை அடைத்து, இருந்த கொஞ்ச உயிரையும் எடுத்துவிடும். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் சூடேறும் முன் போங்கள். குளிர்ந்த பாக்ஸில் கியர் கல்லாக விழுந்தால் உள்ளே கெட்டி ஆயில் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஒரு நல்ல இறக்கத்துக்கு ஓட்டிப்போய், ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுங்கள், ராடில் கை வைக்காமல். விற்பவர் "கை வச்சுக்கங்க, பழக்கமாயிடும்" என்றால் வண்டியின் நிலையை அவரே சொல்லிவிட்டார்.

கை வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான் ட்யூப் மாட்டியதன் இன்னொரு வடிவம். ஃபோர்க் அசையாதது, ஸ்லீவ் சுற்றுவது. கியர் விழுந்தபின் இரண்டும் ஒட்டி உரசாமல் இருக்க வேண்டும். கையின் எடையோ ட்யூபின் இழுப்போ இருந்தால் ஃபோர்க் எந்நேரமும் ஸ்லீவில் அழுந்தித் தேயும். அந்த மேஜர் ஜீப்பின் மூடியைக் கழற்றினோம். ஸ்பிரிங் இரண்டு துண்டு. அது போன நாளில் வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆறு மாச இழுப்பில் ஃபோர்க்கின் ஒரு காது பிளேடு மாதிரி ஆகியிருந்தது. மவுண்டிங் கிழிசல். பாக்ஸ் ஆயிலில் பாதி டிரான்ஸ்ஃபர் கேஸில் கிடந்தது, ஆயிலில்லாமல் சூடேறி மெயின் ஷாஃப்ட் பேரிங் நீலம் பாய்ந்திருந்தது. கடைசியில் பாக்ஸை இறக்கவேண்டி வந்தது.

இறக்கிவிட்டால் பாதி வேலை செய்யாதீர்கள். பேரிங், சீல், சின்க்ரோ ரிங், த்ரஸ்ட் வாஷர், ஸ்பிரிங் எல்லாம் புதிது. பல் கியரை மாற்றினால் அதோடு கோக்கும் ஜோடியையும் பாருங்கள். தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் ஊளைதான் மிஞ்சும். காயலாங்கடைப் பாக்ஸ் மலிவாகக் கிடைத்தால் மூடியைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பல்லின் நுனி உருண்டிருக்கிறதா, ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கையில் தட்டுகிறதா, இந்த இரண்டும் போதும்.

வேலைக்குப் பணம் சேரும்வரை ஓட்டியே ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். தேய்ந்த சின்க்ரோவுக்கு டபுள் கிளட்ச் பழகுங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கீழ்க் கியர். பாக்ஸுக்கு ஆயுள் கூடும். ஆனால் கழலும் கியரோடு ஆள் ஏற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

வழியில் திடீரென்று கழல ஆரம்பித்தால் ஓரங்கட்டி நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, ஆட்களை இறக்கிவிடுங்கள். அப்புறம் ஃபோர் வீல் போட்டு லோ மாற்றி, டாப்பில் இறங்கலாம். டி-90-இல் முதல் கியர் விகிதம் 2.8, இரண்டாவது 1.55. டேனா 18-இன் லோ 2.46. அதாவது லோவில் டாப், முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கும், இன்ஜின் நன்றாகவே பிடிக்கும். மண் பாதையில் இது தயக்கமில்லாமல் செய்யலாம். தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஃபோர் வீல் முறுக்கும், ஸ்டியரிங் கனக்கும், அதனால் நடை வேகத்தில் மட்டும்.

ஐந்து நாள் கழித்து அந்த ஜீப்பில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தம்பியும் நானும் மலைக்குப் போனோம். திரும்பும்போது இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டு, முதல் வளைவு. தம்பியின் இடது கை தானாக ராடுக்குப் போனது.

"கைய எடுங்க தம்பி."

எடுத்தார். இரண்டாவது வளைவில் மறுபடி போனது, மறுபடி சொன்னேன். நாலாவது வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது.