தாத்தா வைத்திருந்த நிக்கல் ரிவால்வர்: லைசென்ஸும் பராமரிப்பும்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோர ஊர்களில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது தேக்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ரிவால்வர் வெளியே வரலாம். வெள்ளிப் பாத்திரம் போல மின்னும் நிக்கல் முலாம், சிப்பி பதித்த கைப்பிடி. பார்த்தவுடன் அலமாரியில் வைக்கத் தோன்றும். ஆனால் சட்டத்துக்கு அது அலங்காரப் பொருள் இல்லை, துப்பாக்கிதான். "நான் சுடவா போகிறேன், சும்மா இருக்கட்டுமே" என்ற பதில் எங்கும் எடுபடாது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் சில விஷயங்களை மாற்றிவிட்டது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம், இப்போது இரண்டுதான். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே வெளிநாட்டுக்காரர்கள் சுவர் நிறைய மாட்டி வைப்பதைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாகியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் தனி.

"நூறு வருஷத்துப் பொருளுக்கு லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்பார்கள். சட்டத்தின் 45-ஆவது பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத வழக்கொழிந்த, தொன்மையான ஆயுதங்களுக்குத்தான். 2020-இல் வந்த விதித் திருத்தம் 'கியூரியோ' (சேகரிப்புக்குரிய அரும்பொருள்) வகைச் சிறு ஆயுதங்களை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க அனுமதிக்கிறது. அதையும் சுடவோ வெளியே எடுத்துச் செல்லவோ வேண்டுமானால் லைசென்ஸ் வேண்டும். உங்கள் கையில் இருப்பது அந்த வகையா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். சிலிண்டர் சுழல்கிறது, அந்த அளவுத் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது என்றால், அதைத் துப்பாக்கி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழலில் பொறித்திருக்கும் தோட்டா அளவும் முக்கியம். .32 என்றால் மாவட்ட அளவிலேயே, கலெக்டர் அலுவலகத்தில் வேலை முடியும். ராணுவத்தின் .380, .455 தோட்டா போடக்கூடிய ரிவால்வர் தடைசெய்யப்பட்ட வகை. அதற்கு மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகவேண்டும்.

லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், சடங்கெல்லாம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. ஒப்படைத்தால் போய்விடும் என்ற பயம் வேண்டாம், வாரிசு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பப் பெறலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகள் தரும் ஆட்சேபணை இல்லாக் கடிதம் எல்லாம் தேவைப்படும். பெரும்பாலும் வேலை நிற்பது கடைசியாகச் சொன்னதில்தான். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா கையெழுத்துப் போடும் வரை கோப்பு நகராது. அதனால் பெரியவர் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் குறிப்பிடும் வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம். வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

காகிதமே இல்லாத ரிவால்வர் கிடைத்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். இருந்த இடத்திலேயே விட்டு, வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு, காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அடுத்த எதிரி உப்புக்காற்று. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே அரித்த காற்று இது. நிக்கல் துருப்பிடிக்காது, ஆனால் அடியில் இருப்பது இரும்பு. முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஈரம் உள்ளே இறங்கும். முதலில் பழுப்புப் புள்ளி தெரியும், பிறகு அந்த இடம் கொப்பளித்து உரியும். விளக்கைத் துலக்குகிற பழக்கத்தில் புளி, விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அமோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். பல ரிவால்வர்களில் நிக்கலுக்கு அடியில் ஒரு செம்புப் படலம் உண்டு, கீறல் வழியாக அமோனியா அதைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெல்லிய துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயைச் சன்னமாகப் பூசினால் போதும். தோல் உறைக்குள் வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய இரும்புப் பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள்.

முலாம் உரிந்துவிட்டதே என்று பாத்திரத்துக்கு முலாம் போடும் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் பெரிய ஆபத்து. துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். அதோடு, பட்டறைக்காரர் தேய்க்கிற தேய்ப்பில் வரிசை எண் மழுங்கிவிடும். எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. பழைய முலாமை விரும்பும் சேகரிப்பாளர்களிடமும் அதற்கு மதிப்பு இறங்கிவிடும்.

தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எண்ணெய் பூசி, சுற்றிக் கொடுங்கள். ரசீதில் வரிசை எண்ணோடு, முலாம் உரிந்த இடம், கைப்பிடி விரிசல் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். நிலையத்து அலமாரியிலும் வீசுவது அதே காற்றுதான்.

விற்பதானால் வாங்குபவருக்கு அந்த வகைக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். முன்பணம் வாங்கிக்கொண்டோம் என்று அதற்குள் கொடுத்துவிடாதீர்கள்.