'நல்ல கொழுப்பு': எச்.டி.எல்லுக்குப் பொருந்தாத பெயர்

"நல்ல கொழுப்பு 48 இருக்கு, அப்புறம் என்ன பயம்?" செங்கோட்டையில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு இப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாகிவிடும். அதே தாளில், ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 290 என்றிருக்கும். 150-க்குள் இருக்கவேண்டியது அது.

கொழு என்றால் செழித்துத் தடிப்பது, அதிலிருந்து கொழுப்பு. மலை தாண்டி ஆரியங்காவு, புனலூர் போனாலும் மலையாளத்தில் இதே சொல்தான். கொலஸ்ட்ரால் காதுக்கு இதன் உறவுபோலப் படும், ஆனால் அது கிரேக்கம். கோலே பித்தம், ஸ்டீரியோஸ் திடமானது. பித்தக்கல்லில் கிடைத்த பொருள் என்பதால் அந்தப் பெயர்.

எச்.டி.எல் என்பது ஹை டென்சிட்டி லிப்போபுரோட்டீன். லிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் கொழுப்பு. இந்தத் துகளின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம், அதனால்தான் அடர்த்தி அதிகம். கொழுப்பை ஏற்றிப்போகும் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கிய கொலஸ்ட்ராலை வாங்கி ஈரலில் சேர்ப்பது, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காப்பது இதன் வேலை. தாளில் வரும் எண், அந்த வண்டிகளில் உள்ள கொலஸ்ட்ராலின் அளவு மட்டுமே. புளியரை சோதனைச் சாவடியில் சரக்கை எடைபோட்டால் லாரியின் இன்ஜின் எப்படி இருக்கிறதென்று தெரியுமா?

ட்ரைகிளிசரைடு ஏறும்போது இன்ஜினே கெடுகிறது. சி.இ.டி.பி என்ற புரதம் பண்டமாற்று செய்கிறது: எச்.டி.எல்லிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துவிட்டு ட்ரைகிளிசரைடைத் திணிக்கிறது. ஈரலின் நொதி அதைக் கரைக்க, துகள் சிறுத்துப்போகிறது. அதன் முக்கியப் புரதமான ஏபோ ஏ-1 கழன்று சிறுநீரகம் வழியாக வீணாகிறது. உடலில் அழற்சி இருந்தால், மிச்சமிருக்கும் புரதமும் பழுதாகும்.

டார்செட்ராபிப் என்ற மருந்து இந்தப் பண்டமாற்றைத் தடுத்து எச்.டி.எல் எண்ணை 70 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. ஆனால் சோதனையில் உயிரிழப்பு கூடியதால் 2006 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது என்பது உண்மைதான். இருந்தாலும் எண் ஏறினால் போதும் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம்கண்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? எச்.டி.எல்லுக்கு 'உயர் அடர்த்திக் கொழுப்புப்புரதம்' பொருத்தம். நீளம் என்றால் 'அடர் கொழுப்புப்புரதம்'. இந்தக் கோளாறுக்கு மருத்துவர்கள் எழுதும் டிஸ்லிபிடிமியாவை 'கொழுப்பு மிகுதி' என்று சொன்னால் பாதிதான் வரும், எச்.டி.எல் குறைவதும் அதில் சேர்த்தி. 'ரத்தக் கொழுப்புச் சீர்கேடு' என்றால் கூடுதல், குறைதல் இரண்டும் அடங்கும்.